திரும்பி வரும் நேரம்

எடப்பாடி
8.9.2024

அன்புள்ள தம்பி சரவணக்குமாருக்கு, அக்கா தமிழ்ச்செல்வி எழுதுவது.

நானும் உன் மாமாவும் இலக்கியாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ தண்ணீர் மேல் இருப்பவன். உடம்பு எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுது.

போன மாதம் இலக்கியாவின் போனில் நீ அத்தனை நேரம் பேசினாயே, எனக்கு "அக்கா" என்றது மட்டும்தான் கேட்டது. மற்றதற்கெல்லாம் சும்மா "சரி சாமி, சரி சாமி" என்றேன். தறிச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டன என்கிறார் டாக்டர். காதுக்கு மிஷின் வாங்கி வைத்தோம். அது தறிச் சத்தத்தை இன்னும் பெரிதாக்கித் தருகிறது. கழற்றி வைத்துவிட்டேன்.

போனில் எழுத்தாக அனுப்பச் சொல்லலாம் என்கிறாள் இலக்கியா. அந்தப் போன் காலையில் அவளிடம், மாலையில் உன் மாமாவிடம். நீ எனக்கு எழுதுவதை எல்லோரும் படித்து முடித்துக் கடைசியில் என் கைக்கு வர வேண்டாம். காகிதத்தில் எழுது. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

இலக்கியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். சங்ககிரிப் பக்கம் ஓர் இடம் வந்திருக்கிறது. உனக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். உன் மாமா "செக்யூரிட்டி" என்கிறார். எனக்கு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு தூங்குகிறவர்தான் கண்ணில் வருகிறார். நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு விளங்கும்படி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கடிதத்தை எதிர்பார்க்கும்
அக்கா தமிழ்ச்செல்வி


கப்பலில், ஜெனோவா துறைமுகம்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பியின் வணக்கம். இலக்கியாவுக்கு என் அன்பு.

உடம்பு நன்றாக இருக்கிறது. முதல் வரியில் எழுதிவிட்டேன். உனக்குக் காது மட்டும்தானா, வேறு தொந்தரவு உண்டா? மாமாவின் முட்டி வலி எப்படி?

உன் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கப்பல் இந்தத் துறைமுகத்துக்குத் திரும்பும். கம்பெனி ஆபீசுக்கு வந்த தபால்களை அன்றைக்குத்தான் கொண்டுவந்து தருவார்கள். இங்கே காகிதத்தில் கடிதம் வருவது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

என் வேலை இதுதான். உல்லாசக் கப்பல் காலையில் ஓர் ஊரில் நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சிறு பாலம் போடுவார்கள். பயணிகள் அதன் வழியே இறங்கி ஊர் பார்த்துவிட்டு, சாயங்காலம் சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். ஆளுக்கொரு அட்டை உண்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் அதை என் மிஷினில் காட்டுவார்கள். திரும்பாதவர்களின் பேர் மட்டும் திரையில் மிஞ்சி நிற்கும். அந்தப் பேர்களைக் கூப்பிடுகிறவன் நான்.

நம் ஊருக்கு இது புதிதில்லை அக்கா. மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டியபின் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது இல்லையா? காப்புக் கட்டினவர்கள் சேலத்துக்குப் போனாலும் இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடுவார்களே, அந்த ஓட்டத்தை இங்கே தினமும் பார்க்கிறேன். அங்கே அம்மனுக்குப் பயந்து ஓடுவார்கள், இங்கே கேப்டனுக்கு.

அப்பா இறந்ததும் காப்புக் கட்டியிருந்த பங்குனியில்தான். அதனாலோ என்னவோ, யாராவது ஓடி வருவதைப் பார்த்தால் நானும் பாலத்தின் முனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். அது கிடக்கட்டும்.

மாப்பிள்ளை விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது.
உன் தம்பி சரவணன்


எடப்பாடி
3.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாமாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்குச் சந்தோஷப்பட்டார். தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து ஓர் இலை போட்டேன். உன் மாமா அதையும் சாப்பிட்டார்.

சங்ககிரி இடமே முடிவாகிவிட்டது. பையன் சாதுவாக இருக்கிறான், ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். கல்யாணம் வைகாசியில். பேச்சு நடந்த அன்று ஒரு கட்டத்தில் எல்லாம் தடுமாறியது. சம்பந்தியம்மா நம் வீட்டையும் தறிப்பட்டறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது உன் மாமா, "பொண்ணுக்குத் தாய்மாமன் வெளிநாட்டுக் கப்பல்ல ஆப்பீசருங்க" என்று எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தம்மா காபியை எடுத்துக் குடித்தார்.

நீ ஆபீசர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். உன் பேரில்தான் இந்தக் கல்யாணம் நிற்கிறது என்று வைத்துக்கொள். மணமேடைக்கு அவளைக் கை பிடித்துக் கூட்டி வர வேண்டியவன் நீ. வேலையில் கவனமாக இரு. நீயே கரைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்து நிற்காதே.

அப்பா பேச்சை எடுத்தாய். எனக்கும் பங்குனி வந்தால் அப்படித்தான். ஆனால் கல்யாண வருஷத்தில் அதை எழுத வேண்டாம்.

பதில் போடு. அன்புடன்
அக்கா


கப்பலில், ஜெனோவா துறைமுகம்
24.11.2024

அன்புள்ள அக்கா, மாமா இருவருக்கும் வணக்கம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் சுகம்.

இலக்கியாவுக்குக் கல்யாணம் என்று படித்ததும் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரனுக்கு ஒரு சாக்லெட் கொடுத்தேன். பங்குனி பிறக்கும்போது எனக்கு ஒப்பந்தம் முடிகிறது. கம்பம் நடுவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிடுவேன். அவளை மேடைக்கு வேறு யார் கூட்டிப் போவது?

மாமாவிடம் ஆபீசர் என்று இனி சொல்ல வேண்டாம் என்று சொல். வேலையில் கவனமாகத்தான் இருக்கிறேன். ஊழியர்கள் பயணிகளுக்கு முன்பே ஏறிவிட வேண்டும். தவறவிட்டவனுக்கு வேலை போய்விடும், அப்புறம் வேறு கப்பலும் சுலபத்தில் எடுக்காது.

போன வாரம் ஒரு துறைமுகத்தில் ஒரு வயதான புருஷன் பெண்டாட்டி மட்டும் திரும்பவில்லை. பேரை மூன்று முறை கூப்பிட்டேன். பிறகு நானும் ஒரு அதிகாரியும் அவர்கள் அறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்களை எடுத்தோம். அதுதான் முறை. கரையில் இருக்கும் ஏஜென்ட்டிடம் அதைக் கொடுத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். கட்டில் மேல் அந்த அம்மாளின் ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. அதையும் கொடுக்கலாமா என்று கேட்டேன். பாஸ்போர்ட் மட்டும் என்றார்.

பாலத்தை இழுத்த பிறகு அவர்கள் ஓடி வந்தார்கள். அவர் முன்னால், அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால். மேல் தளத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், என்னிடம் தினமும் வணக்கம் சொல்கிறவர்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு ஆள் நீளம்தான் தண்ணீர் இருந்தது. அவர் ஓடுவதை நிறுத்தித் திரும்பிப் போய் மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் செய்தது சரிதான். ஆனால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு குழு ஏறுகிறது என்று பட்டியலில் பார்த்தேன். நம் ஊர்ப் பேச்சைக் காதால் கேட்கலாம்.

உன் தம்பி சரவணன்


எடப்பாடி
15.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உனக்குச் சாப்பாடு இறங்கியதா?

அந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நானும் பட்டறைப் பக்கம் போகாமல் உட்கார்ந்திருந்தேன். கப்பல் கொஞ்சம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று முதலில் கோபம் வந்தது. அத்தனை பேருக்கும் நேரம் என்று ஒன்று வேண்டும்தான் என்று பிறகு தோன்றியது. ஆனால் தம்பி, கப்பல் போகட்டும். அந்தக் கரையில் அவர்களோடு யாராவது ஒருத்தர் நின்றிருக்கலாம். மொழி தெரியாத ஊரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் வீட்டு வாசலோடு எல்லோரும் திரும்பிப் போன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கல்யாண வருஷத்தில் எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன், நானே எழுதுகிறேன். இனி அப்படி யாராவது தனியாக நின்றால் உன்னால் முடிந்ததைச் செய். வேலையை விட்டுவிட்டுச் செய் என்று சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வேன், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவள். இரண்டையும் எழுதிவிட்டேன். எது சரி என்று நீயே பார்த்துக்கொள்.

நாமக்கல்காரர்கள் ஏறினார்களா? யார், எந்த ஊர் என்று விவரமாக எழுது.

அக்கா


கப்பலில்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே வேலை அதிகம். குளிர் அதிகம். விவரமாக எழுத நேரம் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறையில் மும்பைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் சீக்கிரம் கிடைக்கும்.

இலக்கியாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி சரவணன்


எடப்பாடி
2.2.2025

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

உன் பொங்கல் கடிதம் வந்தது. நான் கேட்ட ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. சாப்பாடு இறங்கியதா என்று கேட்டேன், நாமக்கல்காரர்களைப் பற்றிக் கேட்டேன். மாமாவின் முட்டியைக்கூட நீ விசாரிக்கவில்லை. அவர் இரண்டு முறை கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இலக்கியா உனக்குப் போனில் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறதாம். கடல் நடுவே இருப்பான், சிக்னல் இருக்காது என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

கோபமா? அப்பா பேச்சை எடுத்ததா? அப்படியென்றால் நான் எழுதியதை மறந்துவிடு. பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டோம். தாய்மாமன் என்று உன் பேர்தான் போட்டிருக்கிறது. சம்பந்தியம்மா சொன்னார் என்று பேருக்குப் பக்கத்தில் கப்பல் என்றும் போட்டிருக்கிறார் உன் மாமா. பங்குனியில் என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அக்கா


கப்பலில்
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லவும்.

ஒரு வருத்தமான செய்தி. என் ஒப்பந்தத்தை ஆவணி வரை நீட்டிவிட்டார்கள். பங்குனிக்கு வர முடியாது. வைகாசிக்கும் வர முடியாது. கேட்டுப் பார்த்தேன், ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். இலக்கியாவை மேடைக்குக் கூட்டிப் போக மாமா வழியில் யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளவும். நான் இல்லை என்று எதுவும் நின்றுவிட வேண்டாம்.

இதையும் மும்பைக்கு வரும் ஒருவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நானே எழுதுகிறேன்.

தம்பி


எடப்பாடி
16.3.2025

சரவணா,

உடம்பு எப்படி இருக்கிறது, அந்த லாட்ஜில் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. இந்தக் கடிதம் மும்பைக்குத்தான் வருகிறது. நான் கப்பலுக்கு எழுதவில்லை. எழுதிய இரண்டையும் யார் படித்தார்களோ.

வெள்ளிக்கிழமை முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு வந்தோம். சம்பந்தியம்மாவும் கூட வந்து, வீட்டில் பட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு வயதான அம்மாள் இறங்கி, நடையைத் தாண்டி வராமல் தெருவிலேயே நின்று ஏதோ சொன்னார். பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கூட வந்த மகன் ஜாடையில் பட்டையும் தன் அம்மாவின் கழுத்தையும் காட்டினான். கழுத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெயிலில் நிற்கிறார்.

நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "எனக்குக் காது கேக்காதுங்க. தெருவுல நின்னு சொன்னா ஒண்ணும் தெரியாதுங்க. ஊட்டுக்குள்ள வாங்க" என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. சம்பந்தியம்மாவையும் பட்டையும் தாண்டி உள் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் என் காதில் வாய் வைத்துச் சொன்னார்.

"நானு குப்பாயிங்க அம்முணி. நாமக்கல்லுங்க. எங்கூட்டுக்காரரு காத்தான்னு பேருங்க. கப்பல்ல போயி, பலெர்மோன்னு ஒரு ஊருல தவறிப்போயிட்டாருங்க. அவரத் தனியா உடாம உங்க தம்பிதாங்க கூடவே உக்காந்திருந்தாரு. தம்பி இல்லீன்னா அன்னிக்கு நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியாதுங்க. அவரு வேலை போனது எம்மகன் சொல்லித்தாங்க தெரிஞ்சுது. உங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லோணும்னு வந்தேனுங்க."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. அவருடைய மகன் நவீன்குமார் உன் மும்பை லாட்ஜ் விலாசம் கொடுத்தான். டிசம்பரிலிருந்து நீ அங்கே ஏஜென்சி ஏஜென்சியாக ஏறி இறங்குகிறாய் என்றான். உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறானாம். அவனிடம் உன் புது நம்பர் இருக்கிறது, என்னிடம் இல்லை.

அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் வரவில்லை. எனக்கு வந்தது. பிறகு கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. நீ அங்கே இருந்துவிட்டதற்கு இல்லை. மூன்று மாதம் கப்பல் என்று மேலே எழுதி என்னை ஏமாற்றினாயே, அதற்கு.

அவர்கள் போனபின் சம்பந்தியம்மா கேட்டார். "ஏனுங்க, மாமனுக்கு வேலை போயிருச்சுங்களா?"

"போயிருச்சுங்க" என்றேன். "ஒரு பொணத்தைத் தனியா உட மனசில்லாம வேலையை உட்டுப்போட்டானுங்க. இதுதானுங்க எந்தம்பி. இதுக்கு மேல உங்க இஷ்டமுங்க."

அவர் பட்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாகச் செய்தி இல்லை. உன் மாமா முற்றத்தில் நடக்கிறார். இலக்கியா என் முகத்தைப் பார்க்கிறாள். என்ன நடந்தது என்று நீ எழுது, முழுவதும்.

அக்கா


மும்பை
24.3.2025

அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். இரண்டு வேளை சாப்பிடுகிறேன். என்னால் இலக்கியா கல்யாணம் நின்றுவிட்டதா? அதை முதலில் எழுது, மற்றது எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

அந்த நாமக்கல் அம்மா தினமும் இறங்கும்போது என்னிடம் நின்று, "இன்னிக்கு எத்தன மணிக்குள்ளீங்க தம்பி வரோணும்?" என்று கேட்பார். புருஷன் முன்னால் போய்விடுவார், அவர் மட்டும் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். பலெர்மோவில் எனக்கு மதியம் வரை ஓய்வு. கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் "ஏனுங்க, எந்திரிங்க" என்று குரல் கேட்டது. ஊரில் யாரோ கூப்பிடுகிற மாதிரி சட்டென்று திரும்பினேன். ஒரு மாதா கோயில் படிக்கட்டில் அந்தம்மாவின் புருஷன் விழுந்து கிடந்தார். அந்தம்மா அவரை உலுக்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் போய்விட்டது. ஒரு சின்ன அறையில் கிடத்தினார்கள். குழுவைக் கூட்டி வந்தவர் மற்றவர்களைக் கப்பலில் சேர்க்க வேண்டும் என்று அழுதுகொண்டே போனார். ஏஜென்ட் ராத்திரிதான் வருவார் என்றார்கள். என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். "நீ இருந்து என்ன செய்யப்போகிறாய்? ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். நேரத்துக்கு வந்துவிடு" என்றார்.

கிளம்ப எழுந்தேன் அக்கா, அதை மறைக்க மாட்டேன். உன் கடிதம்தான் நினைவில் இருந்தது, நீயே தாமதமாக வந்து நிற்காதே என்று எழுதியிருந்தாயே. அந்தம்மாவும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. "கெளம்புங்க தம்பி, கப்பல் உட்டுப்போட்டுப் போயிரும்" என்று அவர்தான் அவசரப்படுத்தினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "காலையில இருந்து ஒண்ணுக்குப் போகலீங்க. நான் போயிட்டு வர்ற வரைக்கும் மட்டும் இங்க உக்காருங்க. தனியா உடக்கூடாதில்லீங்க" என்றார்.

உட்கார்ந்தேன். போனவர் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி கதவுகள், எழுத்து ஒன்றும் தெரியாது. வழி தப்பி எங்கேயோ சுற்றியிருக்கிறார். நான் போய்த் தேட முடியாது, தேடினால் காத்தான் ஐயா தனியாகக் கிடப்பார். நீ அன்றைக்கு என்ன சொன்னாய்? அப்பாவைக் கிடத்திவிட்டு, ஊரில் எல்லோர் கையிலும் காப்பு, யாரும் இழவு வீட்டுப் படி ஏறமாட்டார்கள் என்று பக்கத்து ஊருக்கு ஆள் கூப்பிட ஓடினாயே. "நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காத சாமி" என்றாய். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. இங்கேயும் எழுந்திருக்க முடியவில்லை.

கூட்டுகிற ஒரு பெண் அந்தம்மாவைக் கை பிடித்துக் கூட்டி வந்தபோது நேரம் நெருங்கிவிட்டது. அப்போது ஓடியிருந்தால் ஒருவேளை பிடித்திருப்பேன். ஓடவில்லை. கப்பல் ஊதும் சத்தம் அந்த அறை வரைக்கும் கேட்டது. ராத்திரி ஏஜென்ட் வந்தார். கையில் மூன்று பாஸ்போர்ட் வைத்திருந்தார். காத்தான் ஐயாவுடையது, அந்தம்மாவுடையது, என்னுடையது. அந்தம்மாவின் சால்வையும் கூட வந்திருந்தது. யாரோ கேட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நவீன்குமார் வரும்வரை இருந்தேன். பிறகு கம்பெனி என்னை மும்பையில் இறக்கிவிட்டது. கப்பலில் இருக்கும் மாமன் என்று பேசி முடித்த கல்யாணத்துக்கு வெறும் கையோடு வந்து நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. வேறு கப்பல் கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. நீ கப்பலுக்கு எழுதியவை எனக்கு வரவே இல்லை. அவற்றில் என்ன இருந்தது என்று தெரியாமல்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நீ கோபப்படுவது நியாயம்.

சரவணன்


எடப்பாடி
30.3.2025

என் சாமி சரவணனுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக ஊர் வந்து சேர வேண்டும்.

கல்யாணம் நிற்கவில்லை. புதன்கிழமை சம்பந்தியம்மா தனியாக பஸ் ஏறி வந்தார். அதே உள் அறையில் என் காதில்தான் பேசினார். "எங்கூட்டுக்காரரு போனப்ப ஆஸ்பத்திரியில நானும் ஒருத்தியாத்தாங்க விடிய விடிய உக்காந்திருந்தேன். அதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க" என்றார். பிறகு பத்திரிகைக் கட்டைக் கேட்டு வாங்கி, தாய்மாமன் பேருக்குப் பக்கத்தில் இருந்த கப்பலைப் பேனாவால் ஒவ்வொன்றிலும் அடித்தார். கடைசியில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "அந்த நாமக்கல் அம்மாவுக்கு இதை எழுதுங்க. முன்னால வந்து உக்காரோணும்" என்றார். எழுதி அனுப்பிவிட்டேன்.

நான் கப்பலுக்குப் போட்ட கடிதங்களில் ஒன்று நேற்றுத் திரும்பி வந்தது, டிசம்பரில் எழுதியது. மேலே என்னென்னவோ முத்திரை. அதில் என்ன இருந்தது என்று கேட்டாயே. கரையில் தனியாக நிற்பவர்களோடு யாராவது நின்றிருக்கலாம், உன்னால் முடிந்ததைச் செய் என்று எழுதியிருந்தேன். வேலையை விட்டுவிடாதே என்றும் எழுதியிருந்தேன். இரண்டையும் எழுதி, நீயே பார்த்துக்கொள் என்று உன் தலையில் போட்டிருந்தேன். தேதியைப் பார்த்தேன். நான் எழுதும் முன்பே நீ அந்த அறையில் உட்கார்ந்து எழுந்துவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை கம்பம் நடுகிறார்கள். வீட்டில் உன் மாமாவும் இலக்கியாவும் காப்புக் கட்டுகிறார்கள். நான் இந்த வருஷம் கட்டவில்லை. ஏன் என்று ஊரில் கேட்டார்கள். என் தம்பி வருகிறான், அவன் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, நான் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்று சொன்னேன். அம்மனிடமும் அதையேதான் சொன்னேன்.

டிக்கெட் எடுத்ததும் நவீன்குமாரிடம் சொல், அவன் இலக்கியாவுக்குச் சொல்லட்டும். இனி அவர்கள் படித்தாலும் பரவாயில்லை. சேலம் ஸ்டேஷனில் இருப்பேன். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் சொல்வது எனக்குக் கேட்காது, அதனால் பயந்து எழுந்து போகவும் மாட்டேன். அன்றைக்கு நான் வரும்வரை நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாய், நான் வந்து சேர இருட்டிவிட்டது. இப்போது நீ வரும்வரை நான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாக வா.

உன் அக்கா
தமிழ்ச்செல்வி